இரண்டாம் மாடிச் சாம்பல்தொட்டிப் பரணி

வாழ்க, மூவாயிரம் கோப்புகளுக்கு முன்குறிப்பு வரைந்த முழங்கையான்! மேலிருந்து வந்ததைக் கீழே தள்ளி, கீழிருந்து வந்ததை மேலே ஏற்றி, ஆறு அமைச்சர்கள் வந்துபோன பின்னும் நாற்காலி நகராது வீற்றிருந்த நற்றவத்தோன் வாழ்க! சுகாதார அமைச்சகத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவைத் தன்னந்தனியே தாங்கி நிற்கும் துணைச் செயலர் வாழ்க, வாழ்க! சொல்லின் செல்வியே, என் நாவில் வந்து அமர். இருமல் வந்தால் பொறுத்துக்கொள், நாம் போகவிருப்பது இரண்டாம் மாடி.

அம்மாடியில், படிக்கட்டு திரும்புமிடத்தில், இடுப்பளவு உயரமும் மணல் நிறைந்த மாவயிறும் பித்தளை விளிம்புமாக நின்றது ஒரு சாம்பல்தொட்டி. கட்டடம் திறந்த நாளில் நிறுத்தப்பட்டது. இருப்புப் பதிவேட்டில் நூற்றுப் பதினேழாம் எண் பெற்றது. தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுக் கொள்கையின் நாற்பத்திரண்டு பக்கங்களும், நம் தலைவனும் அவன் பிரிவு அலுவலர் நால்வரும் அதன் விளிம்பில் சாம்பல் தட்டியபடியே சிந்தித்து வரைந்தவை என்பதை இங்கே வெட்கமின்றிப் பாடிவைக்கிறேன். வெட்கப்பட வேண்டியவர்கள் படவில்லை. எனக்கு மட்டும் எதற்கு?

தொட்டிக்கு அரை முழத்தில் ஒரு முக்காலி. அதில் கோப்பு சுமக்கும் அக்கா. துணைச் செயலருக்கும் மேலவரான செயலரின் அழைப்புமணி அந்தச் சுவரில்தான் ஒலிக்கும். ஆகவே அவள் அங்கேதான் இருக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுகள் இருந்துவிட்டாள். ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்தறியாதவள். ஆனால் அவளுடைய நெஞ்சுப் படத்தை விளக்கொளியில் தூக்கிப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறீங்க?" என்பதே. இந்தப் புகையிலேயே இன்னும் உட்கார்ந்தால் நுரையீரல் தாங்காது என்று இரண்டாவதாகச் சொன்னார்.

அக்கா நான்கு வரியில் விண்ணப்பம் எழுதினாள். தொட்டியை நகர்த்துங்கள், இல்லாவிட்டால் என் முக்காலியை நகர்த்துங்கள், மூச்சு விட முடியவில்லை. அந்த நான்கு வரியும் நம் வீரத்திருமகனின் மேசையில் எட்டு மாதம் துயின்றது.

அப்போது இடியென இறங்கியது ஒரு செய்தி: பதினொரு நாடுகளின் பொதுச் சுகாதாரத் தூதுக்குழு, புகையில்லா அலுவலக உடன்படிக்கையில் கையொப்பமிட இதே கட்டடத்துக்கு, இதே மாடிக்கு, வருகிற வியாழக்கிழமை எழுந்தருளும்! துணைச் செயலர் எழுந்தான். எட்டு மாதமாக எழாதவன் எழுந்தான். தொட்டியைச் சுற்றி அவை கூட்டி, தீக்குச்சி உரசிப் போர்முரசு கொட்டி, முதல் புகையை விண்ணோக்கி விட்டு முழங்கினான்:

"கேளுங்கள் அலுவலர்களே! வியாழன் விடியும்போது இத்தொட்டி இவ்விடத்தில் நில்லாது! இது நான் வகிக்கும் பதவியின் மேல் ஆணை!"

நால்வரும் ஆமோதித்துச் சாம்பல் தட்டினர். முக்காலியில் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் அவள் முகத்தில் எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒரு நம்பிக்கை தெரிந்தது.

ஆனால் ஆணைக்கு அஞ்சாதவர் ஒருவர் அக்கட்டடத்தில் உண்டு. பதிவேடே கேடயமாக, காதில் செருகிய பேனாவே வேலாக, கீழ்த்தளத்து இருட்டறையிலிருந்து ஏறி வந்தார் பண்டகக் காப்பாளர்.

"நல்லா இருக்கிற சாமானை எப்படி சார் இடத்தைவிட்டு எடுத்துப் பதிவேட்டுல கழிக்கிறது? உடைஞ்சிருக்கணும், இல்லேன்னா தொலைஞ்சிருக்கணும். இது ரெண்டுமே இல்லையே."

உடைந்தால்தானே விலக்கலாம்? உடைப்போம் என்று உறுமினான் நம் கோமகன். வலக்காலைப் பின்னிழுத்து, கோப்புச் சுமையால் குனிந்த முதுகை நிமிர்த்தி, காற்சட்டை மடிப்பு கலைய, கட்டடமே கிடுகிடுக்க விட்டானே ஓர் உதை! முப்பது ஆண்டுச் சாம்பலும் மணலும் இறுகிக் கிடந்த அந்தப் பெருவயிறு அசையவில்லை. அசைந்தது அவன் பெருவிரல் நகம். சுத்தியலோடு வந்த மின்பணியாளரும் நான்கு அடி அடித்துவிட்டு, "இதெல்லாம் அந்தக் காலத்து இரும்பு சார்" என்று பெருமையோடு ஒதுங்கினார். காப்பாளரோ அரசுச் சொத்தைச் சேதப்படுத்த முயன்றதாகக் குறிப்பாணை எழுதக் காகிதம் தேடினார். ஒற்றைக் காலில் நொண்டியபடி அறைக்குள் பின்வாங்கினான் வீரன்.

அவன் தோற்றுவிட்டான் என்று எண்ணியவர்கள் அலுவலகம் என்றால் என்னவென்று அறியாதவர்கள். புதன்கிழமை பிற்பகல் அவன் வெளிவந்தபோது கையில் ஒரு பக்கக் குறிப்பு இருந்தது. இனி நூற்றுப் பதினேழாம் எண் பொருள் 'சாம்பல்தொட்டி' எனப்படாது, 'பூந்தொட்டி' எனப்படும்!

"பேர் மாத்தலாம் சார். அதுக்கு ஃபார்ம் இருக்கு," என்றார் காப்பாளர், முகம் மலர்ந்து.

மணலுக்கு மேல் மண் கொட்டினார்கள். மண்ணில் ஒரு செடி நட்டார்கள். செடிக்குக் கேடு வரக்கூடாதென்று பிரிவு அலுவலர் ஒருவர் கொட்டை எழுத்தில் பலகையும் மாட்டினார்: 'பூந்தொட்டியில் சிகரெட்டை அணைக்காதீர்.' அக்காவின் விண்ணப்பத்தின் மேல் 'கோரிக்கை நிறைவேற்றப்பட்டது' என்று எழுதி, கோப்பைக் கட்டி, முடிந்த கோப்புகளின் அலமாரியில் வைத்தார்கள். முக்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.

"அப்போ இனிமே இங்க யாரும் பிடிக்க மாட்டாங்கல்ல சார்?" என்று கேட்டாள் அக்கா.

"இது இப்ப பூந்தொட்டிம்மா. பூந்தொட்டிகிட்ட வந்து யார் பிடிப்பா?" என்றான் துணைச் செயலர்.

அவள் நம்பினாள். நம்பியதோடு, தன் டம்ளரிலிருந்த குடிதண்ணீரில் பாதியைச் செடிக்கு ஊற்றினாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

வியாழன் வந்தது, பதினொரு கொடிகள் வந்தன. செடியருகே நின்று படம் பிடித்துக்கொண்டது தூதுக்குழு. "காற்றுக்கு எல்லைக்கோடு இல்லை! ஒரு நாட்டின் புகை உலகின் புகை!" என்று முழங்கினார் குழுத்தலைவர். பதினொரு பேனாக்கள் பாய்ந்தன; உடன்படிக்கை பிறந்தது; கைதட்டலில் சன்னல்கள் அதிர்ந்தன. அடுத்து இடைவேளை. உலகையே உய்வித்த களைப்போடு படிக்கட்டுத் திருப்பத்துக்கு வந்த பேராளர்களில் ஒருவர் சட்டைப் பையில் கைவிட்டார். இன்னொருவர் விட்டார். நம் துணைச் செயலர் விருந்தோம்பினான். ஒரே லைட்டர் ஏழு நாட்டுக் கைகளுக்கு மாறி மாறிச் சென்ற அந்த நன்னேரத்தில்தான், காலை முழுதும் மண்டபத்தில் பேசியும் கூடிவராத பன்னாட்டு ஒத்துழைப்பு உண்மையிலேயே கைகூடியது. சுவரில் மணி ஒலித்தது. அக்கா டம்ளரை முக்காலியில் வைத்துவிட்டுக் கோப்போடு ஓடினாள்.

சான்றோர்கள் புகைத்து முடித்தனர். துண்டுகளோடு தொட்டியை நோக்கித் திரும்பினர். பலகை அவர்களைத் தடுத்தது. விதி என்றால் விதி. கையொப்பத்தின் மை உலராத சட்டப்பற்றாளர்கள் அல்லவா! செடியைத் தீண்டாமல், மண்ணைக் கெடுக்காமல், தரையில் ஒரு துகளும் சிந்தாமல், சுற்றுமுற்றும் பார்த்து வேறொரு பாத்திரத்தைக் கண்டெடுத்து, ஒருவர் பின் ஒருவராக வரிசை குலையாது அணைத்துவிட்டு, உலகம் வாழ்க என வாழ்த்தி, மீண்டும் மண்டபம் புகுந்தனர்.

திரும்பி வந்த அக்காவுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடிக்க எடுத்த டம்ளரில் எட்டு சிகரெட் துண்டு கிடந்தது.