பரங்கிக்காய் இன்னும் தேறவில்லை

இந்த வருஷமும் மச்சான் வீட்டு வாசப்படியை மிதிப்பதில்லை என்று தேறாது சார் முடிவு கட்டினார். சும்மா எடுத்த முடிவில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், முகமெல்லாம் சோப்பு நுரையோடு, ரேஸரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எடுத்த முடிவு. நுரை மூக்கில் ஏறித் தும்மல் வந்ததால் சபதத்தின் பாதி தும்மலோடு போய்விட்டது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டுதான் மனிதர் இத்தனை ஆட்டமும் ஆடினார்.

தேறாது சார் என்பது அவருடைய தொழிற்சாலை வைத்த பெயர். குழாய் செய்யும் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். மேசைக்கு வரும் குழாயை எடுப்பார், திருகுவார், மூக்கைச் சுளிப்பார், "தேறாது" என்று ஓரமாக வைப்பார். முதலாளியின் சொந்த வீட்டுக் குழாயையே தேறாது என்று திருப்பி அனுப்பியவர். அப்பேர்ப்பட்ட வீரர் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் வாயில் வருவது ஒரே சொல்தான். "சரிம்மா."

மச்சான் யாரென்று கேட்கிறீர்களா? வீட்டம்மாவின் தம்பி. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில். நாலு வருஷத்துக்கு முன்னால் சார் ஒரே ஒரு தடவை அவன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். காலை ஐந்து மணிக்குக் காதோரம் விசில் ஊதியது. "மாமா, எழுந்திரிங்க, மைதானத்துல நாலு ரவுண்டுதான்!" மூன்றாவது ரவுண்டில் சார் புல்லில் சாய்ந்துவிட்டார். மச்சான் அன்போடு முகத்தில் தண்ணீர் தெளித்து, எழுப்பி, நாலாவது ரவுண்டையும் ஓட வைத்தான்.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு சாக்கு. முழங்கால் வலி, தொழிற்சாலையில் தணிக்கை, மொட்டைமாடித் தொட்டியில் ஒழுகல். ஒவ்வொரு வருஷமும் வீட்டம்மா பெட்டியை அடுக்குவாள், பிறகு பிரிப்பாள். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவளுக்கு வருத்தம் இருந்தது, நிறையவே இருந்தது. சார் அதைக் கவனிக்கவில்லை. அவர் பரிசோதிக்கிற சாமான்களில் பெண்டாட்டியின் முகம் சேராது.

இந்த வருஷச் சாக்கு கொல்லைப்புறத்தில் விளைந்து கிடந்தது. ஒரு பரங்கிக்காய்.

"ஏங்க, லீவு போட்டாச்சா? தம்பி போன் மேல போன் பண்றான்."

"பதினஞ்சு நாள் போட்டாச்சும்மா. ரெண்டு வாரம் கழிச்சு வர்ற திங்கக்கிழமைலேருந்து. ஆனா காய் கிடக்கே?"

"கிடந்தா கிடக்கட்டுமே!"

"என்ன இப்படிச் சொல்லிட்டே? முன்னாடி பறிச்சா சப்புன்னு இருக்கும். பின்னாடி பறிச்சா அழுகிடும். சரியான நாள் பார்த்துப் பறிக்கணும். நாலு மாசம் கண்ணும் கருத்துமா வளர்த்த காய்!"

"யாரு வளர்த்தது?"

"நாம."

"தண்ணி ஊத்தினது யாரு?"

"நீ."

"எரு போட்டது?"

"அதுவும் நீதான்."

"அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"மேற்பார்வை!"

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பக்கத்து வீட்டு டெய்லர். கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, இந்த வீட்டுச் சண்டையைக் கேட்டபடி பட்டன் தைப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"டெய்லர், நீங்களே சாட்சி" என்றார் சார். "இந்தக் காய் தேறின அன்னிக்குப் பறிக்கிறேன். பறிச்ச மறுநாள் மச்சான் வீட்டுக்குக் கிளம்பறேன். வாக்குன்னா வாக்கு!"

"தேறினதுன்னு யாரு சார் சொல்றது?"

"நான்தான். வேற யாருக்குத் தகுதி இருக்கு?"

அன்று சாயந்தரமே சமையலறைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. தொழிற்சாலை பாணியில் கட்டம் போட்டு நாலு சோதனை. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தோலில் நகம் இறங்கக் கூடாது. காம்பு காய்ந்து கட்டையாக வேண்டும். தோலின் பளபளப்பு மங்க வேண்டும். தரையில் படுகிற அடிப்பக்கம் வெள்ளை மாறி மஞ்சளாக வேண்டும். நாலும் தேறினால்தான் கத்தி.

சோதனையெல்லாம் நியாயமான சோதனைதான். பரிசோதகர்தான் கலப்படம்.

ஏனென்றால் காய் அந்த வாரமே தேறிவிட்டது. சார் நகத்தை வைத்து அழுத்தினார், நகம்தான் மடங்கியது. காம்பு சுள்ளி மாதிரி ஆகிவிட்டது. சார் பதறிப்போனார். மறுநாளிலிருந்து வீட்டம்மா குளிக்கப் போகிற பத்து நிமிஷத்தில் கொல்லையில் ஒரு ரகசியக் கைங்கரியம் ஆரம்பமாயிற்று. காம்புக்கு ஈரத்துணி சுற்றினார். தோலுக்குத் தலை எண்ணெய் தடவிப் பளபளவென்று தேய்த்தார். காயைப் புரட்டி அடிப்பக்கத்துக்கு முகப்பவுடர் அடித்தார். கட்டைவிரல் நகத்தைத் தொழிற்சாலை அரத்தால் ராவி உளி போல ஆக்கிக்கொண்டார். பெற்ற மகளுக்கு ஒருநாள்கூட எண்ணெய் தேய்த்துவிடாத மனிதர் ஐயா! அவள் வளர்ந்து கல்யாணமாகிப் போன பிறகு ஒரு பரங்கிக்காய்க்குத் தாயானார்.

தினமும் காலையில் பெண்டாட்டி கண் முன்னால் சோதனை. உளி நகம் தோலில் சரக்கென்று இறங்கும்.

"தேறாது!" என்பார் சார். அந்தச் சொல்லை வீட்டில் சொல்லும்போது அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டம்மா கேட்டாள்.

"ஏங்க, எண்ணெய் பாட்டில் காலியாயிடுச்சே. நீங்களா தேய்ச்சுக்கிறீங்க?"

"ஆமாம்மா. தலை சூடு."

வீட்டம்மா அவருடைய தலையைப் பார்த்தாள். அதில் காதோரம் இருபத்தைந்து முடி இருந்தால் அதிகம்.

"ஒரு முடிக்கு ஒரு கரண்டியா?"

சார் சாதத்தில் குனிந்துகொண்டார். சாப்பிட்ட தட்டைக் கழுவ அவரே எழுந்து போனார், அதையும் அவள் பார்த்துக்கொண்டாள். குற்றம் செய்யாத நாளில் அவர் தட்டைத் தொட்டது கிடையாது.

லீவின் முதல் நாள். திங்கட்கிழமை. வாசலில் விசில் ஊதியது.

"மாமா! அக்கா எல்லாம் சொன்னா. பாவம், காயை விட்டுட்டு உங்களால வர முடியலையாமே? அதான் நானே வந்துட்டேன்! பள்ளிக்கூடம் லீவு, ஒண்ணரை மாசம். காய் தேறட்டும், சேர்ந்து எங்க வீட்டுக்குப் போவோம். தேறலையா? நான் இங்கேயே இருக்கேன். உங்களுக்குத் துணையாச்சு!"

காய் தேறினால் அவன் வீட்டில் இவர். தேறாவிட்டால் இவர் வீட்டில் அவன். எந்தப் பக்கம் திரும்பினாலும் விசில்தான்.

மறுநாள் ஐந்து மணிக்குத் தெருவை நாலு சுற்று. அதற்கு அடுத்த நாள் ஐந்து சுற்று. பால்காரர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். டெய்லர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. சாவி மச்சானின் கழுத்தில், விசிலுக்குப் பக்கத்தில்.

சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். காய் தேறினால் அங்கே போக வேண்டும், வாஸ்தவம். ஆனால் லீவு முடிகிற வரைக்கும்தான். தேறாவிட்டால் ஒண்ணரை மாசம். புதன்கிழமை எண்ணெய், பவுடர், ஈரத்துணி எல்லாவற்றையும் நிறுத்தினார். உளி நகத்தை ஒட்ட வெட்டினார். வியாழக்கிழமை காலையில் கத்தியோடு கொல்லைக்கு ஓடினார்.

"வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க! காய் தேறிடுச்சு!"

வீட்டம்மா வந்தாள். மச்சான் வந்தான். மதிலுக்கு மேல் டெய்லரின் தலை வந்தது. காய் கண்ணாடி போல மின்னியது. காம்பில் தண்ணீர் சொட்டியது. புரட்டினால் அடிப்பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை.

"எங்கே தேறியிருக்கு?" என்றாள் வீட்டம்மா. "பளபளன்னு இருக்கே."

"அது காயோட பளபளப்பு இல்லம்மா. யாரோ எண்ணெய் தடவியிருக்..."

"எண்ணெயா? காய்க்கு யாருங்க எண்ணெய் தடவுவா?"

சார் அவசரமாகக் காயின் மறுபக்கத்தைக் காட்டினார்.

"அடிப்பக்கமும் வெள்ளையாத்தானே இருக்கு?"

"அது பவு..." என்று ஆரம்பித்து, விழுங்கினார்.

"என்னங்க சொல்ல வர்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"தம்பி, நீ நகத்தை வச்சுப் பாருடா."

மச்சான் கட்டைவிரலை நீட்டினான். நகம் தோலில் சரக்கென்று இறங்கியது. சார் அந்த நகத்தை உற்றுப் பார்த்தார். அழகாக ராவப்பட்டிருந்தது. கொல்லைக் குழாயடியில் அவருடைய சொந்த அரம் கிடந்தது.

"தேறாது, மாமா!" என்றான் மச்சான். விசில் ஊதிற்று. அன்று ஆறு சுற்று.

வெள்ளிக்கிழமையும் எண்ணெய் மின்னியது. அன்று ஏழு சுற்று. ஏழாவது சுற்றில் தேறாது சார் டெய்லர் வீட்டுப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சட்டையெல்லாம் வேர்வை. அங்கிருந்தே கையைக் கூப்பினார்.

"நான்தான்! எல்லாம் நான்தான்! எண்ணெய் தடவினது நான், பவுடர் அடிச்சது நான், காம்புல ஈரத்துணி சுத்தினது நான். அந்தக் காய் மூணு வாரம் முன்னாடியே தேறிடுச்சு. போதுமா?"

வீட்டம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"முழங்கால் வலி?"

"பொய்."

"தணிக்கை?"

"அதுவும் பொய்."

"தொட்டி ஒழுகல்?"

"நானே துளை போட்டேன்."

இதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "மூணு வருஷம். அடுக்கின புடவையைத் திரும்பப் பிரிச்சு வைக்கறப்போ எப்படி இருக்கும்னு ஒரு தடவையாவது நினைச்சீங்களா? வர மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நான் தனியாவே போயிட்டு வந்திருப்பேனே!"

சாருக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது. "தப்புதாம்மா. மன்னிச்சிடு. வா, இப்பவே பறிக்கலாம், நாளைக்கே கிளம்பலாம். எத்தனை சுத்து வேணும்னாலும் ஓடறேன்."

கொல்லைக்கு வந்தார்கள். நாலு விரல் காம்பு விட்டு, முறையாக, சார் காயை அறுத்தார். மனதிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. காய் மட்டும் அசையவில்லை. பதினாறு கிலோ. மச்சானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித் திண்டில் வைத்தார்கள்.

"பறிச்சதோட ஆச்சா?" என்றாள் வீட்டம்மா. "தோல் இறுகணும். பத்து நாள் வெயில்ல வைக்கணும். காலைல வெளிய தூக்கி வைக்கணும், நடுவுல புரட்டி விடணும், சாயந்தரம் உள்ள கொண்டு போகணும். ரெண்டு ஆள் வேலை. உங்களுக்கு லீவு பத்து நாள் பாக்கி இருக்கு. தம்பி உங்களோட இருப்பான்."

"அப்ப நீ?"

"தம்பியைத்தான் பார்த்தாச்சே. பதினொரு மணிக்கு வண்டி. நான் போய் அவன் பெண்டாட்டி, பிள்ளைங்களோட பத்து நாள் இருந்துட்டு வரேன்."

பெட்டி வாசலில் தயாராக நின்றது. இந்தத் தடவை அதை யாரும் பிரிக்கப் போவதில்லை. சார் போகிறவளைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், காயைப் பார்த்தார். கடைசியில் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று மதில் பக்கம் திரும்பினார்.

டெய்லருக்கு முன்னால் மதில்மேல் சாருடைய பேண்ட்டுகள் ஐந்தும் அடுக்கியிருந்தன. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். "இடுப்புல நாலு இஞ்ச் பிடிக்கச் சொல்லி அக்கா போன வாரமே கொடுத்துட்டாங்க, சார்."