வெள்ளத்தாயி முயலின் புழுக்கையும் நரியாரின் நிறுவனமும்

ஒரு காட்டில் ஒரு முயல் இருந்தது. காட்டில் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் அந்த முயல் இந்தக் கதை முழுக்கப் பாடுபடுகிறது.

பெயர் வெள்ளத்தாயி. பக்கத்து மலையில் புல் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனான் அவள் புருஷன். புல் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும், திரும்பி வரவில்லை. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் கிடந்தவளுக்கு ஒரே ஆறுதல் அரட்டைப்பாறை.

அந்தப் பாறையை நடத்தியது அறம்வளர்த்தான் என்ற நரி. காலையில் மிருகங்கள் எல்லாம் அங்கே கூடும். யார் வேண்டுமானாலும் ஏறி எதை வேண்டுமானாலும் பேசலாம். பிடித்திருந்தால் கீழே இருப்பவர்கள் வாலை ஆட்டுவார்கள். மயில் சும்மா ஏறி நின்றாலே நாற்பது வால் ஆடும். கழுதைப்புலி வாழ்க்கைத் தத்துவம் சொல்லும், அதற்கும் ஆடும். "இன்னிக்குப் பனி நல்லா இருந்துச்சு" என்று வெள்ளத்தாயி சொன்னால் மூன்று வால் ஆடும். அந்த மூன்றுக்காக மறுநாள் காலைவரை அவள் காத்துக் கிடப்பாள்.

கட்டணம் கிடையாது. சேரும்போது தேக்கிலைகளைத் தைத்த ஒரு சுருளில் காலைப் பதிக்க வேண்டும், அவ்வளவுதான். சுருளை விரித்தால் ஓடைவரை போகும். படித்துவிட்டுத்தான் பதிப்பேன் என்று உட்கார்ந்த எருமை ஒன்று, பதினோராம் இலையில் கண் சொக்கிப் பன்னிரண்டாம் இலையைத் தின்றுவிட்டது. அதற்கப்புறம் யாரும் படிக்கவில்லை.

ஒரே ஒரு விதி உண்டு. பாறையின் பின்னாலிருக்கும் குழியில்தான் வெளிக்கிருக்க வேண்டும்.

"சுத்தம் முக்கியம் பாருங்க தாயி," என்றது நரி. "வேற எதையும் நான் கேக்கல. உங்களுக்கு வேண்டாததைத்தானே கேக்குறேன்?"

இப்படியும் ஒரு நல்லவனா என்று காடே கண்கலங்கியது.

ஒருநாள் வெள்ளத்தாயி ஓடைக்கரையில் புளியாரைக்கீரை தின்றாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் வழியில் ஒரு குரங்கு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கூவியது.

"அக்கா! இளம் புளியாரை! ஓடைக்கரைப் புளியாரை! உங்களைப் போன்றவர்கள் பொன்னாங்கண்ணியையும் விரும்புகிறார்கள்!"

"எனக்குப் புளியாரை பிடிக்கும்னு உனக்கு எவம்லே சொன்னது?"

"எனக்கென்னக்கா தெரியும்? எந்தக் கிளையில தொங்கணும், என்னத்தைக் கத்தணும்னு சொல்லித் தாராவ. கத்துனா வாழைப்பழம்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அடுத்த வாரம் மூன்று குட்டி ஈன்றாள். கூடப்பிறந்த அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அதே குரங்கு, "அக்கா! பால் ஊற அம்மான்பச்சரிசி!" என்று கத்தியபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. 

மறுநாள் ஓடைப்பக்கம் சிறுத்தை படுத்திருந்தது. தின்ற களைப்பு, எழுந்திருக்கவில்லை.

"வா தாயி. பிள்ளைங்க மூணும் சௌக்கியமா?"

"எசமான்... எந்தப் பிள்ளைங்க?"

"புளியாரையும் கோரையும் சேந்து மொளைக்கிற இடத்துலதான வச்சிருக்க? அப்படி இடம் இந்தக் காட்டுல நாலு இருக்காம். அமாவாசைக்குள்ள அதை ஒண்ணாக் கொறச்சுத் தாரேன்னு நரி சொல்லியிருக்கான். பதறாத. அதுவரைக்கும் கொஞ்சம் சதை வைக்கட்டும்."

அமாவாசைக்கு எட்டு நாள் இருந்தது.

வெள்ளத்தாயி ஓடிப்போய்ப் பாறையின் பின்புறம் எட்டிப் பார்த்தாள். குழிக்குள் சாணிவண்டுகள் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தன. முகர்வதும், பிய்ப்பதும், இலையில் கீறுவதுமாக. "மான், கிழடு, இடதுகால் வலி." "முள்ளம்பன்றி, காதல் தோல்வி." "முயல், பால் சுரப்பு, குட்டி மூணு." எழுதிய இலையைச் சுருட்டி அரக்கு வைத்தால், நரி அதை வாயில் கவ்விக்கொண்டு சிறுத்தையிடம் போகும். வரும்போது வாயில் பாதித் தொடை இருக்கும்.

குட்டிகளோடு இடம் மாறலாம் என்றால், போகிற இடத்திலும் எதையாவது தின்னத்தானே வேண்டும்? தின்றால் குழி சொல்லிவிடும். பாறைப்பக்கமே போகாமல் இருக்கலாம் என்றால், வராதவர்களின் புழுக்கையைத் தேடிப்போய்ப் பொறுக்க வண்டுகளுக்கு இறக்கை இருந்தது.

முயல் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு, வெளியே பேசமாட்டார்கள். முதலில் வரும் இளகின புழுக்கையை அவர்களே தின்று, மறுபடி செரித்து, இரண்டாவதாக வருவதைத்தான் ஊருக்கு விடுவார்கள். வெள்ளத்தாயி அந்த இரண்டாவதையும் தின்பது என்று முடிவு செய்தாள். ருசி ஒன்றும் சொல்லிக்கொள்கிறமாதிரி இல்லை. ஆனால் இரண்டு நாள் ஒரு உருண்டைகூட வெளியே போகவில்லை.

மூன்றாம் நாள் நரி வழிமறித்தது.

"தாயி, ரெண்டு நாளாக் குழியில உங்க வரவு இல்லையே?"

"மலச்சிக்கல் அண்ணாச்சி."

"தின்னுட்டீங்க."

"என்னோடதை நான் திங்கேன். ஒமக்கென்ன வந்துச்சு?"

"உள்ள இருக்குற வரைக்கும் உங்களோடது. வெளிய வந்த நிமிசம் நிறுவனத்தோடது. இருபத்தொண்ணாம் இலையில இருக்கு, கால் பதிச்சிருக்கீங்க." நரி குரலைத் தாழ்த்தியது. "இதுக்குப் பேரு திருட்டு தாயி. அறத்துல மட்டும் நம்ம நிறுவனம் விட்டுக்கொடுக்காது. குறை இருந்தா ஆமையாரைப் பாருங்க."

ஆமையார் நிறுவனத்தின் அறநெறி அதிகாரி. முன்னால் பதினேழு பேர் நின்றார்கள். வெள்ளத்தாயியின் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஆமை ஒரு படிவத்தை நீட்டியது. பெயர். குட்டிகள் எத்தனை. எந்தப் புதர். தாய் வெளியே போகும் நேரம். திரும்ப எவ்வளவு நேரமாகும்.

"ஆமையாரே, இதைச் சொல்லாம இருக்கத்தானே புகாரே குடுக்க வந்தேன்?"

"சொன்னாத்தானே எதைக் காப்பாத்தணும்னு எங்களுக்குத் தெரியும்?"

"பொய்யா எழுதிக் குடுத்தா?"

"தாராளமா எழுதுங்க. எவன் படிக்கான்? வாய் சொல்றதையும் கை எழுதுறதையும் இங்க யாரும் நம்புறதில்ல. புழுக்கை சொல்றதைத்தான் நம்புவாவ."

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று ஆமைக்கு உறைத்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அன்றைய அலுவல் முடிந்தது.

வெள்ளத்தாயி வீட்டுக்குப் போகவில்லை. நேராக நரியின் குகைக்குப் போனாள்.

அந்தக் காட்டில் நிலவேம்பு முளைப்பது ஒரே இடத்தில், நரியின் குகை வாசலில். அதன் கசப்புக்குப் பயந்து ஒரு பிராணியும் அந்தத் திசையில் தலைவைக்காது. அதனால்தான் நரி அங்கே குடியிருந்தது. தன் அந்தரங்கத்தை அது மிகவும் மதித்தது.

நரி பாறைக்குப் போகும் நேரமாகப் பார்த்து, ஐந்து நாளும் வெள்ளத்தாயி நிலவேம்பையே மேய்ந்தாள். முதல் நாள் கண்ணில் நீர் வந்தது. இரண்டாம் நாள் காது மடங்கிவிட்டது. நிறுவனத்துக்குச் சேரவேண்டியதை மட்டும் ஒரு உருண்டை விடாமல் குழியில் சேர்த்தாள். "அக்கா! காய்ச்சலா? கசாயம் போடட்டா?" என்று குரங்கு வழியெல்லாம் துரத்தியது.

"அம்மா, பால் கசக்குது," என்றன குட்டிகள்.

"குடிங்க. கசந்தாத்தான் இருப்பீங்க."

அமாவாசையன்று காலையில் வண்டுகள் கடைசி அறிக்கையை எழுதின. 'வெள்ளத்தாயி. முயல். குட்டிகளுடன். இருப்பிடம்: நிலவேம்புக் குகை. ஐயமில்லை.' அரக்கு வைத்தார்கள். நரி அதைக் கவ்விக்கொண்டு போய்க் கொடுத்தது. பிரித்துப் பார்க்கவில்லை. தன் சரக்கைத் தானே முகர்ந்து பார்க்கும் வழக்கம் அதற்கு ஒருநாளும் இல்லை. நாறும்.

மத்தியானம் நரி தன் குகையில் தொடைக்கறி தின்று படுத்திருந்தபோது வாசல் இருட்டிற்று. சிறுத்தை நின்றது.

"முயல் எங்க?"

"எசமான்! இது என் வீடு!"

சிறுத்தை இலையைப் பிரித்துக் காட்டியது. "நிலவேம்புக் குகை, முயல்னு போட்டிருக்கு. தப்பா வந்திருச்சா?"

நரி கணக்குப் போட்டது. தப்பு என்று ஒப்புக்கொண்டால் இதுவரை விற்ற அத்தனை அறிக்கையும் சந்தேகம். வியாபாரம் படுத்துவிடும். பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"நம்ம அறிக்கையில தப்பே வராது எசமான்."

"அப்போ நீதான் முயல்," என்றது சிறுத்தை. "காதுதான் கொஞ்சம் குட்டை."

சாயங்காலம் அது வண்டுகளிடம் வந்து சொல்லிவிட்டுப் போனது. "வெள்ளத்தாயி கணக்கு முடிஞ்சுது. குட்டிங்களைக் காணோம், தாயே பெருசா இருந்ததால விட்டுட்டேன், அதுங்களையும் சேத்து எழுதிக்கோங்க. முயல் லேசா நாறுச்சு. மத்தபடி அறிக்கை சுத்தம்."

வண்டுகள் எழுதின: 'தாயும் மூன்று குட்டிகளும் காலமானார்கள்.'

மறுநாள் ஓடைத் திருப்பத்தில் வெள்ளத்தாயியும் சிறுத்தையும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். ஓட இடமில்லை. சிறுத்தை அவளை மேலும் கீழும் பார்த்தது.

"நீ வெள்ளத்தாயில்ல?"

"ஆ... ஆமா எசமான்."

"உன்னை நேத்தே தின்னாச்சே," என்று முகத்தைச் சுளித்தது. "செத்ததைத் தின்னா எனக்கு ஒத்துக்காது. போ அந்தப் பக்கம்."

அன்று அரட்டைப்பாறையில் இரங்கல் கூட்டம். ஆமையார் தலைமை. நரியார் வெளியூர் போயிருப்பதாக அறிவித்தார். துக்கத்தில் யாரும் குழியை மறந்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

வெள்ளத்தாயி புதருக்குள் பதுங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாளும் அவளிடம் பேசியிராத மான், "எனக்கு அவ உயிருக்குயிரான சிநேகிதி" என்று விக்கியது. "பனியைப் பற்றி அவளைப்போல யார் பேசுவார்?" என்றது மயில். கழுதைப்புலி தேம்பித் தேம்பி அழுதது. ஒரு பேச்சு, ஒரே ஒரு பேச்சு, அவளுக்கு நேரே சொல்லியிருக்கக் கூடாதா? அவள் முன்னங்கால் புதரைவிட்டு வெளியே வந்தது. 'நான் இருக்கேன்' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

குழிப்பக்கமிருந்து ஒரு வண்டு தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது.

வெள்ளத்தாயி காலை இழுத்துக்கொண்டாள். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நேரம்.

நீதி: உயிரோடு இருக்க வேண்டுமானால் பதிவேட்டில் செத்துப் போ. ஆனால் உன் இரங்கல் கூட்டத்தை மட்டும் எட்டிப் பார்க்காதே. அங்கே உன்னைப் பற்றி நல்லதாகப் பேசுவார்கள், திரும்பி வரத் தோன்றும்.