மெயின் சுவிட்சை அணைத்த உலக ரட்சகர்

பச்சைத் துணியில் இலை இலையாக வெட்டிப் பேனரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கைகளை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உலக ரட்சகர் இனத்துக் கைகள். இந்த இனம் இல்லாத தெரு கிடையாது. எங்கள் வீட்டுக்கு வாய்த்தது என் தம்பி.

கடவுள் பெயரால் வறுமையையும் புவி வெப்பத்தையும் ஒருசேர ஒழிக்கும் மன்றத்துக்கு அவன் செயலாளர். எந்தத் தீவைக் கடல் விழுங்குகிறது, எந்தப் பாலைவனத்தில் கிணறு வற்றியது, அங்கே பெண்கள் குடத்தோடு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வான். உள்ளறையில் கிடக்கும் மனைவிக்குப் பக்கவாதம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். யோசிப்பான்.

அவளைப் பார்த்துக்கொள்வது நான். அதற்குப் பயிற்சி எடுத்தவள்.

போன வாரம் மன்றம் மின்சார நோன்பு அறிவித்தது. உறுப்பினர்கள் எங்கள் முன்னறையில் கூடி, விசிறியில்லாமல் வியர்த்து, பூமிக்காகப் பிரார்த்தித்தார்கள். செயலாளர் விசிறியோடு நிறுத்துவாரா? மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். அவள் படுத்திருந்ததோ காற்று மெத்தை. முதுகு புண்ணாகாமலிருக்க மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மருந்துக் கடைக்குப் போயிருந்த நான் திரும்பி வந்தபோது மெத்தை அப்பளமாகியிருந்தது.

"என்னடி இது?"

"உங்க தம்பி பூமியைக் குளிர வைக்கிறார் அண்ணி. நான் பலகையில வேகுறேன்."

முன்னறைக்குப் போனேன். "டேய், மெயினைப் போடு."

"மெதுவாப் பேசுக்கா. உலகத்துல படுக்கவே இடமில்லாம எத்தனை பேர்..."

"அவங்க குடுத்து வச்சவங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவங்க வீட்ல செயலாளர் இல்லை."

கண்மூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். நானே போட்டேன். விசிறிகளும் சுற்றின. நோன்பை முறித்த பாவி நான்தான். ஆனால் எழுந்துபோய் அணைக்க ஒருவரும் நகரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாக. தூரத்து ஏழையின் படத்தைப் பார்த்து ஒரு நாள் நீங்கள் கண்கலங்கியிருந்தபோது உங்கள் வீட்டு உள்ளறையிலிருந்தும் யாரோ தண்ணீர் கேட்டார்கள். "இதோ வரேன்" என்றீர்கள். போனீர்களா?

மறுநாள் காலை அவள் முதுகில் சிவந்த திட்டு. கூட்டத்துக்குக் கிளம்பி நின்றவனைக் கூப்பிட்டு, தோளையும் இடுப்பையும் எப்படித் தாங்கித் திருப்புவது என்று காட்டி, அவன் கையாலேயே அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

"இப்படி எத்தனை தரம்க்கா?"

"சிவப்பு போற வரைக்கும்."

கூட்டத்துக்குப் போட்ட சட்டையை மாற்றிக்கொண்டு வந்து அவள் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தான். கூட்டம் அவனில்லாமலே நடந்தது.