திரும்பி நில்லுங்கோ, சார்ஜன்ட்

யுத்த காலத்தில் எங்கள் நாட்டில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகித்தார்கள். ஆனால் பூட்டிய அறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் யாரோ எட்டிப் பார்ப்பதாகச் சந்தேகித்த ஒரே மனிதர் எங்கள் பாஸ்வேர்ட் சேர்தான்.

அப்போது நான் கம்பளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கண்டியில் ஒரு பேஜர் கம்பெனியில் வேலை செய்தேன். போனில் வரும் செய்திகளை டொக்டர்மாரின் இடுப்பிலிருக்கும் பேஜருக்குத் தட்டி அனுப்ப வேண்டும். அவற்றை வானில் ஏற்றும் கருவிகள் மடுல்கெல்ல மலையுச்சியில், ஒரு சிறு கட்டடத்துக்குள், இரும்பு ராக்கில் அடுக்கியிருந்தன. அவை நின்றுபோனால் யாழ்ப்பாணத்து எஞ்சினியரான சேர், சோதனைச்சாவடிதோறும் இறங்கி ஏறி, அட்டைக்கடியும் வாங்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் ராக்கில் ஒரு மோடத்தைப் பொருத்தி, டெலிபோன் லைனும் இழுத்துவிட்டார். கண்டியிலிருந்தே டயல் செய்வார். மோடம் கிறீச்சிடும், பாஸ்வேர்ட் கேட்கும், சரியென்றால் உள்ளே விடும்.

“எங்கை பிறந்தனீர் எண்டு கேக்காத ஒரே செக்பொயின்ட் இதுதான் பிள்ளை” என்பார்.

அந்தப் பாஸ்வேர்டை வாராவாரம் மாற்றுவார். தட்டும்போது கீபோர்டுக்கு மேல் குடையை விரித்துக்கொள்வார். ஈரக் குடை சொட்டியே இரண்டு கீபோர்ட் செத்தன.

எங்கோ குண்டு வெடித்த மறுநாள் காலை, அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸிலிருந்த சேரைப் பொலிஸ் இறக்கிக்கொண்டு போனது. அன்றைக்கென்று ராக்கும் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு டொக்டரைத் தேடுகிறார்கள். ஒரு செய்தியும் போகவில்லை. அக்குறணைக்காரரான எங்கள் மனேஜர் என்னையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்கு ஓடினார்.

சேர் ஒரு நீள மர வாங்கில், சட்டைப் பொத்தான் அறுந்து உட்கார்ந்திருந்தார்.

“பாஸ்வேர்ட சொல்லுங்க மனுசா, நாங்க பாத்துக்குவம்” என்றார் மனேஜர்.

“எல்லாருக்கும் தெரிஞ்சால் அது பாஸ்வேர்ட் இல்லை, பேர்.”

“யா அல்லாஹ்! ஒங்கட நெலம வெளங்குதா?”

“ஓம். ஆனா சொல்லேலாது.”

மனேஜருக்கு அழுகையே வந்துவிட்டது. காப்பாற்றியது, பொலிஸ் பெரியவரின் இடுப்பில் ஊமையாகிக் கிடந்த பேஜர்தான். அதுவும் எங்கள் கம்பெனியுடையது. அதைப் பேசவைக்க உடனே ஒரு சார்ஜன்ட் துப்பாக்கியோடு சேரை ஜீப்பில் ஏற்றி எங்கள் கம்பெனிக் கந்தோருக்குக் கொண்டுவந்தார்.

சேர் டயல் செய்தார். மோடம் கிறீச்சிட்டது. பாஸ்வேர்ட் கேட்டது. சேர் தட்டவில்லை. துப்பாக்கிக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

“கொஞ்சம் அங்காலை திரும்பி நில்லுங்கோ, சார்ஜன்ட்.”

மனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். சார்ஜன்ட் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

ராக் உயிர்த்தது. தேங்கிக் கிடந்த செய்திகளையெல்லாம் அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்கு டொக்டர் வந்துவிட்டார் என்று போனும் வந்தது. சார்ஜன்ட் தன் பெரியவரோடு சிங்களத்தில் ஏதோ பேசிவிட்டு, போனை வைத்து, மனேஜரைப் பார்த்துச் சிரித்தார்.

“நம்மகிட்டயே சொல்லாத ஆள், வேற யாருக்குச் சொல்லப் போறான்? நீங்களே ஆள வெச்சிக்கோங்க மாத்தயா.”

ஜீப் போன பிறகுதான் சேர், சட்டையில் பொத்தான் அறுந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

அன்று மாலை பஸ் நிலையத்தில், அவருடைய பஸ் வரட்டுமென்று அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன். கம்பளை என்று பெரிய எழுத்தில் போட்ட பஸ் வந்து, ஆட்களை ஏற்றி, புறப்பட்டது.

“பிள்ளை, உங்கட பஸ் போகுதல்லோ?”

“அது வேற பஸ் சேர்” என்றேன்.