இடது கன்னம் மேல்செலவுக்கு, வலது கன்னம் கல்யாணத்துக்கு

ஒரு காட்டில், போன் பேச வேண்டுமென்றால் ஆலமரத்து உச்சிக் கொம்புக்கு ஏறித்தான் ஆக வேண்டும் என்கிற மாதிரியான ஒரு காட்டில், வேலாண்டி என்று ஒரு குரங்கு இருந்தார். குரங்குதானே, ‘இருந்தது’ என்று சொன்னால் போதாதா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கிறவர். அவரை அது இது என்று சொல்ல எனக்கு மனசு வராது.

பெண் பெயர் செவந்தி. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று வந்திருந்தது. பையன் கொம்பையா தங்கமான பிள்ளை. ஒரு வாழைத்தாரையே முன்னால் வைத்தாலும் ஒரு பழம்தான் எடுப்பான். அவனுடைய அப்பா உச்சிமாகாளி ஒருநாள் போன் போட்டார்.

“அண்ணாச்சி, பொண்ணு பாக்க வீட்டுக்கு வாரது, பஜ்ஜி சொஜ்ஜி திங்கது, இதெல்லாம் பழசு. ஆத்துல இப்ப கப்பல் விட்டிருக்காங்கல்லா? மூணு நாளு, எல்லாஞ் சேத்துத் தலைக்கு அம்பது கடலை. அவங்கவங்க டிக்கெட்ட அவங்கவங்க எடுத்துக்கிடுவோம். போயிட்டே பேசி முடிச்சிருவோம்.”

பெண்ணைப் பெற்றவர் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உச்சிக் கொம்பில் உட்கார்ந்துகொண்டு “அதுக்கென்ன அண்ணாச்சி, ஜோரா போவோம்” என்று சொல்லிவிட்டார்.

கப்பல் நோட்டீஸில் ‘எல்லாம் சேர்த்து’ என்று யானை அளவு எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் என்னென்னவோ இருந்தது. வேலாண்டியின் மனைவி பொன்னுத்தாயி விவரமானவள்.

“எல்லாஞ் சேத்துன்னு ஒருத்தன் சொன்னா, எதையோ சேக்காம வெச்சிருக்கான்னு அர்த்தம்” என்றாள்.

ஏற்கெனவே கப்பலில் போய்வந்த முயலம்மாவிடம் போய் விசாரித்து, ஒரு தேக்கிலையில் மேல்செலவை எழுதினாள். குடிதண்ணீர் ஆறு கடலை. தீவு பார்க்கப் படகு ஆறு. சிப்பந்திகளுக்கு அன்பளிப்பு பதினைந்து. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று. ஆக முப்பது. மூன்று பேர் போகிற குடும்பத்துக்கு அந்தக் கணக்கில் ஒரு கடலைகூடத் தப்பில்லை, நான் சரிபார்த்துவிட்டேன்.

எறும்பு அளவு எழுத்தைச் செவந்தி மட்டும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

குரங்குகளுக்குப் பை எதற்கு? முப்பது கடலையையும் வேலாண்டி இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டார். செவந்தி கல்யாணச் சாப்பாட்டுக்கென்று சேர்த்த அறுபது கடலை மரப்பொந்தில் இருந்தது. விட்டுவிட்டுப் போனால் அணில் அடித்துக்கொண்டு போய்விடும். அதை வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

“இடது கன்னம் மேல்செலவுக்கு. வலது கன்னம் கல்யாணத்துக்கு. அத மட்டும் தொட்டீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்றாள் பொன்னுத்தாயி.

கப்பலில் உச்சிமாகாளியும் மனைவியும் மகனும் முன்பே வந்து நின்றார்கள். வேலாண்டி முதலில் பார்த்தது உச்சிமாகாளியின் வலது கன்னத்தைத்தான். அம்மாடி, என்ன உப்பல்! ஒரே கன்னத்தில் நூறு கடலை இருக்கும் போலிருக்கிறதே. பெரிய இடத்தில்தான் கை வைத்திருக்கிறோம் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

மேல்தளத்தில் ஆறு பேரும் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு இளநீர் வந்தது. குடித்து முடித்ததும் சிப்பந்திக் கொக்கு சீட்டோடு வந்தது. பன்னிரண்டு கடலை. எத்தனையோ சம்பந்திகளைப் பார்த்த கொக்கு. சீட்டை இருவருக்கும் சரிபாதித் தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றது.

“கொண்டா இங்க!” என்று உச்சிமாகாளி கையை நீட்டினார்.

“அட, நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி!” என்று வேலாண்டி அந்தக் கையைப் பிடித்தார்.

“அதெப்படி? ஒங்கள குடுக்க விட்டுட்டு நான் பாத்துட்டு இருக்கவா?”

“எம்மேல சத்தியம், நீங்க குடுக்கப்படாது!”

பக்கத்து மேசைக் காட்டுப்பன்றிகள் சண்டையென்று நினைத்து எழுந்து நின்றுவிட்டன. கடைசியில் ஜெயித்தது வேலாண்டி. ஜெயித்தவர்தானே கொடுக்க வேண்டும்? கொடுத்தார். உச்சிமாகாளி “என்ன அண்ணாச்சி நீங்க” என்று கோபித்துக்கொண்டார். அவர் கையை நீட்டும்போதே கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டுதான் நீட்டினார் என்பதைப் பொன்னுத்தாயி மட்டும் பார்த்தாள்.

மறுநாள் தீவுக்குப் படகு. ஆறு பேருக்கும் பன்னிரண்டு கடலை. அங்கேயும் கைகலப்பு, அங்கேயும் வேலாண்டிக்கே வெற்றி. தீவில் ஒரு நாரை கேட்காமலேயே போட்டோ எடுத்து நீட்டியது. ஆறு கடலை. அதுவும் வெற்றி. சாயங்காலம் திரும்பும்போது வேலாண்டியின் இடது கன்னம் ஒட்டிப்போய், முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“மேல்செலவு எல்லாத்தையும் எழுதினேனே, உங்க கவுரவத்துக்கு ஒரு வரி எழுதாம விட்டேனே!” என்று பொன்னுத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். “நாளைக்குக் கைய மடிச்சு வெச்சுக்கிட்டு உக்காருங்க. ஒரு தடவ அவரு குடுக்கட்டும்.”

மூன்றாம் நாள் காலை. மத்தியானச் சாப்பாடு முடிந்தால் ஊர் வந்துவிடும். கொக்கு கடைசிச் சீட்டைக் கொண்டுவந்து சத்தமாகப் படித்தது.

“மேல்தளத்தில் காற்று வாங்கியது, ஆறு பேருக்குப் பன்னிரண்டு. சூரிய அஸ்தமனம் பார்த்தது பதினெட்டு. மனமுவந்து தரும் அன்பளிப்பு, முப்பது. அது கட்டாயம். மொத்தம் அறுபது கடலை.”

வேலாண்டி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எதிரே பார்த்தார். உச்சிமாகாளியின் கைகளும் தொடைக்கு அடியில்தான் இருந்தன. கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் காலை மாற்றிக்கொண்டது. பொன்னுத்தாயி புருஷனின் வாலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கடைசியில் பழக்கதோஷத்தில் உச்சிமாகாளி முனகினார். “சரி... நான் குடுக்கேன்.”

அவ்வளவுதான். எத்தனை வருஷத்துப் பழக்கம்!

“நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி!” என்று வேலாண்டி வாயைப் பிளந்து கத்தினார்.

வலது கன்னத்திலிருந்த அறுபது கடலையும் பொலபொலவென்று மேசைமேல் கொட்டின. கொக்கு எச்சில் என்றுகூடப் பார்க்கவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் எண்ணி எடுத்துக்கொண்டு, “நன்றி, மீண்டும் வருக” என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

வேலாண்டி அழுதேவிட்டார். பெண் பிள்ளை முன்னால், வரப்போகிற சம்பந்தி முன்னால், விம்மி விம்மி அழுதார். “அது எம்புள்ள கல்யாணக் கடலை அண்ணாச்சி! இனி ஒரு பந்தி போடக்கூட எங்கிட்ட ஒண்ணுமில்ல. உங்ககிட்ட அந்தக் கன்னம் நிறைய இருக்கே, ஒரு தடவ குடுத்திருக்கப்படாதா?”

உச்சிமாகாளி தலையைக் குனிந்துகொண்டார்.

“இதுல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இது சொத்தப் பல்லு. ஒரு மாசமா வீக்கம்.”

“அப்ப கப்பல்ல போவோம்னு சொன்னது?”

“நாங்க பொண்ணு பாக்க வந்தா, அடுத்து நீங்க மாப்பிள்ள வீடு பாக்க வருவீங்க, விருந்து வெக்கணுமே. கப்பல்னா எல்லாஞ் சேத்துன்னு போட்டிருந்தான், நம்பிட்டேன். அப்புறம் உங்க கன்னத்தப் பாத்தேன். ரெண்டு பக்கமும் உப்பலா இருந்திச்சு. மலை மாதிரி சம்பந்தி இருக்கையில நமக்கு என்ன கவலைன்னு இருந்துட்டேன்.”

அப்போதுதான் செவந்தி நோட்டீஸை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

“அப்பா, எறும்பெழுத்துல இருபத்தி மூணாவது வரியப் பாருங்க. ‘கப்பலிலேயே திருமணம் செய்துகொள்வோருக்கு மாலை இலவசம்.’ மத்தியானச் சாப்பாடு எல்லாருக்கும் டிக்கெட்லயே இருக்கு. கப்பல்ல இருக்கவங்கல்லாம் எப்படியும் வந்து சாப்புடத்தான் போறாங்க. அதையே பந்தின்னு வெச்சுக்கிட்டா என்ன?”

கொம்பையா மூன்று நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தான். “நல்ல யோசன” என்றான். பொன்னுத்தாயி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், இது சந்தோஷ அழுகை.

கேப்டன் முதலை மாலை எடுத்துக்கொடுக்க, கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கல்யாணம் என்று தெரிந்தபிறகு சும்மா சாப்பிட்டுவிட்டுப் போக யாருக்காவது மனசு வருமா? மான்கள் வந்து மொய் வைத்தன. காட்டுப்பன்றிகள் பதினொன்றாக வைத்தன. மொத்தம் தொண்ணூறு கடலை சேர்ந்தது. வேலாண்டி அத்தனையையும் இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே கொக்கு நிற்கிறது.

“மொய் வாங்கிய மேசைக்கு வாடகை. நாற்பது கடலை.”

உச்சிமாகாளி கன்னத்தில் கையை வைத்து, “ஆ... பல்லு வலிக்கே” என்று முனகினார். வேலாண்டி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு தானும் இரண்டு கன்னத்திலும் கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், “ம்ம்ம்...” என்று முனகினார்.

கொக்கு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. சீட்டில் இன்னொரு வரி எழுதியது. “பல் வைத்தியர் பார்வைக் கட்டணம், மூன்று கன்னங்களுக்கு அறுபது.”

கப்பல் அப்போது கரையை ஒட்டி, ஒரு நாவல் மரத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. பொன்னுத்தாயி அண்ணாந்து பார்த்தாள்.

“ஏங்க, நாம குரங்குதான?” என்றாள்.

அட, ஆமாம்! மூன்று நாளாக அது யாருக்கும் நினைவே இல்லை. ஆறு பேரும் ஒரே தாவு. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில், மொய்யும் கன்னமுமாக வேலாண்டி கடைசியில். கொக்கு கீழேயே நின்று வெகுநேரம் சீட்டை ஆட்டிக்கொண்டிருந்தது.

*

நீதி: கப்பலில் போகிறவர்கள் மேல்செலவுக்கென்று எதையும் எடுத்துவைக்க வேண்டியதில்லை. ஒரு கன்னம் வீங்கியிருந்தால் போதும். மீதியைச் சம்பந்தி பார்த்துக்கொள்வார்.