நாற்பத்தொரு சாண்

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் தங்கையின் கணவர். பாதியைத்தான் சொன்னார். மறுபாதி அவருக்கே தெரியாது. அதைத் தங்கை சொன்னாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவள் நான். இரக்கத்துக்காக அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை. வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, கடுகினும் சிறிய சக்கரங்களை நம்பிக் குடும்பம் நடத்தினார். ஐம்பத்தெட்டாம் வயதில் ஒரு திருகாணி கைதவறி விழுந்தது. மூன்று நாள் தேடினார். நான்காம் நாள் கடையை மூடினார்.

"இப்பல்லாம் யாரு கடிகாரம் கட்டுறாங்க?" என்றாரே தவிர, கண் தெரியவில்லை என்று அவர் வாய் சொல்லவில்லை.

மிஞ்சியது வில். இளமையிலிருந்தே வில்வித்தைச் சங்கத்தில் உறுப்பினர். சங்கக் கூடத்தில் பதினெட்டு மீட்டர் தூரத்துக்குத்தான் எய்வார்கள். வீட்டின் பின்னாலுள்ள ஒடுக்கமான காலிமனையில் அவர் முப்பது மீட்டருக்கு எய்வார். அது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தூரம். காலைதோறும் முப்பத்தாறு அம்புகள். சக்கரம் வைத்த தாங்கியில் இலக்குப் பலகை. அதன் நடுவே மஞ்சள் வட்டம்.

அறுபது வயது முடிந்ததும் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பார்வைச் சான்றிதழ் இல்லாதவர் இனி உறுப்பினர் அல்லர். அவர் உடனே ஒரு பெரும் முடிவு எடுத்தார். சான்றிதழ் வாங்குவது, கண்ணாடி போடாமலே வாங்குவது.

கண்ணாடிக்கடையின் சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருந்தது. இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொல்லி ஏணி போட்டு ஏறினார். பக்கத்திலேயே கண் சோதனைக்கான எழுத்துப் பலகை. பேட்டரி மாற்ற ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். இறங்கியபோது எழுத்துகள் அனைத்தும் மனப்பாடம்.

மறுநாள் குளியலறையிலிருந்து குரல் கேட்டது. "ட, ப, ம, ழ... வ, ந, க, ர..."

"ஏங்க, குளிக்கிறீங்களா, பாடம் படிக்கிறீங்களா?"

"தொண்டைக்குப் பயிற்சி!"

"அதை ஏன் வரிசை மாறாம பண்றீங்க?"

தண்ணீர் ஊற்றும் ஓசை மட்டும் பலமாக எழுந்தது. தங்கை தையற்காரி. அளவு எடுக்காமல் எதையும் வெட்ட மாட்டாள். அன்றே கண்ணாடிக்கடைக்குப் போய்வந்தாள்.

சோதனை நாளன்று அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடைசி வரி வரை கணீரென்று ஒப்பித்தார்.

"ரொம்ப அழகாச் சொன்னீங்க, ஐயா," என்றாள் கடைக்காரப் பெண். "ஆனா இன்னைக்கு மாட்டியிருக்கிறது எழுத்து இல்ல. எண்கள்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "உன் வேலையா?"

"என் வேலைதான்."

"கண்ணு சரியில்லைன்னா தினமும் எப்படி மஞ்சள்ல விழுது? சொல்லு! அம்பு மேல மேல ஏறி விழுதுன்னு வில்லுல குறி பார்க்கிற முள்ளையே எட்டு தடவை மாத்தி வச்சிருக்கேன். கையில பலம் கூடியிருக்கு!"

"கூடல."

"அம்பு பிடுங்க நடந்தா முன்ன மாதிரி மூச்சுகூட வாங்கல!"

"எப்படி வாங்கும்? தூரம் குறைஞ்சு போச்சே."

அவருக்கு விளங்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கடையை மூடிட்டு ஆறு மாசம் சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தீங்க. அப்புறம் மஞ்சள்ல விழாத அன்னைக்கெல்லாம் சோத்தைத் தொடல. கண்ணாடி போடுங்கன்னா சண்டை. உங்களை நகர்த்த முடியல. பலகையை நகர்த்தினேன். நீங்க குளிக்கப் போறப்ப, ஒவ்வொரு சாணா."

"எத்தனை?"

"நாற்பத்தொண்ணு."

பொய்யாகக்கூட ஒரு குறைந்த எண்ணைச் சொல்ல அவளுக்குத் தெரியாது. அளவு நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். அவர் நாற்காலியில் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "கண்ணாடிக்கு அளவு எடும்மா," என்றார் கடைக்காரப் பெண்ணிடம்.

அதுவும் எளிதாக முடியவில்லை. வில்லாளி பக்கவாட்டில் நின்று முகத்தை மட்டும் திருப்புவான். பார்வை மூக்கோரக் கண்ணாடி வழியே போகும். அங்கேதான் எல்லாம் கலங்கித் தெரியும். ஆகவே அவர் வில்லைக் கடைக்கே கொண்டுபோய் நாணை இழுத்து நின்று காட்டினார். காத்திருந்த இருவர் கண் சோதனையே வேண்டாமென்று வெளியேறினார்கள். அந்தப் பெண் அஞ்சாமல் அருகே வந்து, கண்ணாடியில் அவர் பார்வை படும் இடத்தில் மையால் புள்ளி வைத்தாள்.

"ஒண்ணு சொல்லணும், ஐயா. முள்ளு தெளிஞ்சா பலகை மங்கும். பலகை தெளிஞ்சா முள்ளு மங்கும். ரெண்டும் இனி சேர்ந்து தெரியாது. ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக்கோங்க."

அவர் முள்ளைத் தேர்ந்தெடுத்தார். நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துவந்த மஞ்சள் வட்டம் அன்றிலிருந்து ஒரு கறை.

சான்றிதழ் கிடைத்தது. ஆனால் மனம் ஆறவில்லை. ஆறு அம்பில் ஐந்து மஞ்சளில் விழும் நாளெல்லாம், மனைவிக்குத் தெரியாமல் பலகையை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளுவதென்று சபதம் செய்தார். ஒன்றே முக்கால் ஆண்டு கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நாற்பத்தொரு சாணும் திருப்பியாச்சு, அக்கா. நீங்க வந்து அளக்கணும். உங்க வாய் பொய் சொல்லாது."

நான் போனேன். அவர் நீள அளவுநாடாவை எடுத்துவர உள்ளே சென்றதும் தங்கை என் கையைப் பற்றினாள்.

"அக்கா, அவர் தள்ளினது நாற்பத்தொண்ணு நிஜம்தான். ஆனா தள்ளின மறுநாள் சில சமயம் ஒண்ணுமே விழாது. வில்லை மடியில வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துடுவார். என்னால பார்க்க முடியல."

"மறுபடியும் நகர்த்தினாயா?"

"இருபத்து நாலு தடவை."

நான் அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. அதற்குள் அவர் வந்துவிட்டார். அவள் உள்ளே தையலுக்குப் போனாள்.

அவர் எய்யும் கோட்டில் நாடாவின் ஒரு முனையைப் பிடித்து நின்றார். மறுமுனையோடு நான் பலகை வரை நடந்தேன். நாடா இருபத்து நான்கரை மீட்டரில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். மைப்புள்ளி குறித்துச் செய்த கண்ணாடிக்குள்ளிருந்து அவர் என் திசையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்தில் என் முகமும் பலகையும் அவருக்கு ஒன்றுதான்.

"எவ்வளவு வருது, அக்கா?"

சன்னலோரம் ஓடிக்கொண்டிருந்த தங்கையின் தையல் இயந்திரம் ஓசை அடங்கி நின்றது.

"முப்பது," என்றேன்.

"முழுசா?"

"முழுசாக."

அவர் சன்னல் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "கேட்டியா? டீச்சரே சொல்லிட்டாங்க! உன் கடன் தீர்ந்துச்சு!"

"கேட்டுச்சுங்க," என்றாள் அவள். இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது.

என் வாழ்நாளில் இரக்கத்துக்காக நான் போட்ட மதிப்பெண் அது ஒன்றுதான். அதைத் திருத்த இனி விருப்பமில்லை. கணக்கை மட்டும் இங்கே சரியாக எழுதிவிடுகிறேன். திரும்பி வந்தது பதினேழு சாண்.