சுரங்கம் வரப்போகிற வயல்

கடலூர் மாவட்டத்தில் மேலே நெல், கரும்பு, முந்திரி, கீழே பழுப்பு நிலக்கரி என்று பள்ளிப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நடுவில் இருப்பவரை விட்டுவிட்டார்கள். அவர்தான் காத்திருப்பவர். சேத்தியாத்தோப்புப் பக்கம் எந்த டீக்கடையில் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். சுரங்கம் தன் நிலத்தை எடுக்கும், கை நிறையக் கொடுக்கும், மகனுக்கு வேலையும் போட்டுத் தரும் என்று நம்பி, அதுவரை ஒன்றும் செய்யாமலிருப்பதையே ஒரு தொழிலாக வைத்திருப்பவர்.

நம் சுப்புராயனையே எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலை ஒட்டி அருமையான நஞ்சை. வரப்பு உடைந்தால் கட்ட மாட்டார், வீட்டு ஓடு ஒழுகினால் மாற்ற மாட்டார், கொல்லையில் ஒரு முருங்கைக் கொம்புகூட ஊன்ற மாட்டார். கேட்டால், "எல்லாம் போவப்போற எடந்தான" என்பார். நிலக்கரி பூமிக்கடியில் எப்படி நெளிந்து நெளிந்து வந்து, சரியாகத் தன் வயலுக்குக் கீழே தடித்துக் கிடக்கிறது என்று டீக்கடைப் பெஞ்சில் விரலால் வரைந்து காட்டுவார். யார் போய்ப் பார்த்தது? அதையெல்லாம் கேட்கக் கூடாது.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆவணியில், தை மாதம் சுரங்கத்துக்காரர்கள் நிலம் அளக்க வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஊர் சம்பாவுக்கு நாற்று விட்டது. சுப்புராயன் நெல் வயலில் நெருக்கி நெருக்கித் தேக்கங்கன்று நட்டார். மனைவி சௌந்தரம் வரப்பில் வந்து நின்றாள்.

"ரெண்டு வருஷமா கடை அரிசி. இந்தப் பட்டமாவது நெல்லு போடக் கூடாதா?"

"நெல்லுக்கு என்னா குடுப்பான்? மரத்துக்குத்தான் ரேட்டு ஜாஸ்தி."

"தண்ணி நிக்கிற எடத்துல தேக்கு நிக்குமா?"

"தை வரைக்கும் நின்னா போதும்."

ஐப்பசியில் மழை பிடித்தது. கன்றுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. கார்த்திகையில் இலை கொட்டியது, மார்கழியில் எல்லாம் குச்சி. சுப்புராயன் அசரவில்லை. குச்சியானாலும் எண்ணிக்கையில் சேரும் என்றார். பச்சைப் பெயிண்ட் அடிக்கலாமா என்று யோசித்ததாகவும் கேள்வி.

தையில் ஜீப் வந்தது. அளவுச் சங்கிலியோடு இறங்கியவர்கள் வாய்க்காலுக்கு அக்கரையில் நின்றார்கள். அங்கே கொளஞ்சியின் வயல். கதிர் முற்றித் தலை சாய்ந்து, மறுநாள் அறுப்புக்கு ஆள் சொல்லியிருந்த வயல். அதன் மூலையில் மஞ்சள் கல்லை ஊன்றினார்கள். வாய்க்காலோடு சுரங்கத்தின் எல்லை முடிந்துவிட்டது. இக்கரைப் பக்கம் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொளஞ்சி, ஜீப்பில் வந்த அதிகாரியின் பின்னால் ஓடினான். "சார், எனக்கு வேற நெலம் கெடையாது சார். வுட்ருங்க சார்."

வேட்டி நனைய வாய்க்காலில் இறங்கி இந்தப் பக்கமிருந்து சுப்புராயனும் ஓடினார். "சார், என்னுத எடுத்துக்குங்க சார். பூரா தேக்கு சார்."

அதிகாரி இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் மனு குடுங்க" என்று சொல்லி ஜீப்பில் ஏறிவிட்டார்.

கொளஞ்சி கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். சுப்புராயன் ஆறுதல் சொல்லத்தான் போனார். வாயில் வந்தது வேறு. "ஒனக்குன்னா யோகம், மச்சான்." விளைந்த வயலைப் பறிகொடுத்தவனைப் பார்த்து அவருக்கு வந்தது சத்தியமாகப் பொறாமைதான். கொளஞ்சி அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினான்.

அந்த வாரமே சௌந்தரம் தேக்கங்குச்சிகளை அடுப்புக்குப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஈரம் காயுமுன் உளுந்து தெளித்தாள். டீக்கடையிலிருந்து சுப்புராயன் புதுச் செய்தியோடு ஓடி வந்தார்.

"அடுத்த லைன் நம்ம பக்கந்தானாம். சித்திரையில வர்றாங்களாம்."

"வரட்டும். வந்து உளுந்த எண்ணிக்கிட்டுப் போவட்டும்."

அவர் மறுபடி பெஞ்சுக்குப் போய்விட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறார், விரலில் டீயைத் தொட்டு நிலக்கரி வரைந்துகொண்டு.

சிரிக்கிறீர்கள். நல்லது. பைபாஸ் வரும், காலேஜ் வரும், விலை ஏறும் என்று ஊருக்கு வெளியே நீங்கள் வாங்கிப் போட்டிருக்கும் மனையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன் வழியே என்னென்ன வரப்போகிறது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. இப்போது அதில் என்ன முளைத்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்?